மருந்துக் கம்பெனிகளும் கண்காணிப்பாளர்களும்: நெருக்கத்தின் தடம் கோப்பில் இருக்கிறது

2007 பிப்ரவரியில், டெல்லியில் இருக்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரி ஒருவர் ஒரு மருந்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். அசிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தையும் டிரோடாவெரின் என்ற வயிற்றுவலி மருந்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டுவர அந்தக் கம்பெனி முயன்றுகொண்டிருந்தது. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று வளர்ந்த நாடு எதிலும் அனுமதி பெறாத கூட்டு மருந்து அது. வெளி மருத்துவ நிபுணர்களின் கருத்து தேவைப்பட்டது. நிபுணர்களை நீங்களே தேர்ந்தெடுங்கள், அவர்களிடம் கருத்தை வாங்கி நீங்களே எங்கள் அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள் என்றது அந்தக் கடிதம். பரிந்துரைகள் வந்தன. பல நிபுணர்களின் கடிதங்களில் வாசகம்கூட மாறவில்லை. மருந்துக்கு அனுமதியும் கிடைத்தது.

இதை வெளியே கொண்டுவந்தது சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு. பிரஜேஷ் பாடக் தலைமையிலான அந்தக் குழு 2012 மே மாதம் தன் 59ஆவது அறிக்கையைத் தாக்கல் செய்தது. கடிதத்தின் எண்ணும் தேதியும்கூட அதில் இருக்கின்றன. மருந்துக் கம்பெனிகளுக்கும், கட்டுப்பாட்டு அமைப்பின் சில அதிகாரிகளுக்கும், சில மருத்துவ நிபுணர்களுக்கும் இடையே கள்ளக்கூட்டு இருப்பதாக முடிவுக்கு வர ஆவணங்களிலேயே போதிய ஆதாரம் உள்ளது என்று குழு எழுதியது. எதிர்க்கட்சிக்காரர் மேடையில் சொன்ன குற்றச்சாட்டு அல்ல இது. பல கட்சி உறுப்பினர்களும் இருந்த குழு, கோப்புகளைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது.

கட்டுப்பாட்டு அதிகாரிகள் தாங்கள் கண்காணிக்க வேண்டிய தொழிலோடு ஒட்டிப்போவது உலகம் முழுக்க நடப்பதுதான். அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நாம் லஞ்சத்தைத்தான் முதலில் நினைக்கிறோம். லஞ்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லஞ்சத்தை மட்டும் தேடினால் பெரிய பகுதி கண்ணில் படாது. ஒரு பைசாகூட வாங்காத அதிகாரியும் கம்பெனியின் கண்ணால் உலகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடலாம். அது எப்படி நடக்கிறது, அதற்கு அவரை எப்படிப் பொறுப்பாக்குவது என்பதற்கு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு வரலாற்றைவிட நல்ல உதாரணம் நமக்கு வேண்டியதில்லை. அதில் சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் பங்கு இருக்கிறது, துயரமான பங்கு.

அந்த 59ஆவது அறிக்கையில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். குழு 42 மருந்துகளைத் தேர்ந்தெடுத்து அவற்றின் அனுமதிக் கோப்புகளைக் கேட்டது. மூன்று மருந்துகளின் கோப்புகளைக் காணவில்லை என்றார்கள். பெஃப்லோக்சசின், லோமிஃப்லோக்சசின், ஸ்பார்ஃப்லோக்சசின் என்ற அந்த மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆன்டிபயாடிக்குகள். மீதி 39 மருந்துகளில் 11 மருந்துகளுக்கு, சந்தைக்கு வரும் முன் நோயாளிகளிடம் கட்டாயமாக நடத்த வேண்டிய மூன்றாம் கட்டப் பரிசோதனை நடக்கவே இல்லை. 25 மருந்துகளுக்கு வெளி நிபுணர் கருத்தே கேட்கப்படவில்லை. 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை இந்திய நோயாளிகளிடம் சோதிக்காமலேயே அனுமதி பெற்ற புதிய மருந்துகள் 31 என்று அமைப்பு சொன்னது. குழு சரிபார்த்தபோது இன்னும் இரண்டு விடுபட்டிருந்தன, ஆக 33.

லெட்ரோசோல் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயில் தரும் மருந்து அது. அதையே குழந்தைப்பேறு வேண்டி வரும் இளம் பெண்களுக்குக் கொடுக்க 2007இல் இங்கே அனுமதி தரப்பட்டது. வேறு பெரிய நாடுகளில் அந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. மருத்துவர்கள் சிலர் விடாமல் கேள்வி கேட்ட பிறகு 2011 அக்டோபரில் தடை வந்தது. பின்னர் வெளிவந்த ஆய்வுகளின் அடிப்படையில் 2017இல் அந்தத் தடையும் விலகியது. அதனால் மருந்து கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 2007இல் அதை அனுமதித்தவர்கள் எந்த ஆதாரத்தைப் பார்த்து அனுமதித்தார்கள் என்பதுதான் கேள்வி. ஆதாரம் பிறகு வந்து சேர்ந்தது என்பதால் ஆதாரமில்லாமல் எடுத்த முடிவு சரியாகிவிடாது. இடைப்பட்ட ஆண்டுகளில் மாத்திரை சாப்பிட்ட பெண்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அறிக்கையில் என்னை அதிகம் பாதித்தது இந்த எண்கள்கூட இல்லை. அமைப்பு தன் நோக்கம் என்று எழுதி வைத்திருந்த வாசகத்தைக் குழு எடுத்துக்காட்டுகிறது. மருந்துத் தொழிலின் எதிர்பார்ப்புகளையும் கோரிக்கைகளையும் தேவைகளையும் நிறைவேற்றுவது என்று இருந்தது அதில். நோயாளி இல்லை. பல பத்தாண்டுகளாகத் தொழிலின் நலனுக்கே முதலிடம் கொடுத்து நுகர்வோரைப் புறக்கணித்திருக்கிறார்கள் என்று குழு கண்டித்தது. யாரும் மறைத்து வைத்த ரகசியம் அல்ல அது, சுவரில் மாட்டி வைக்கத் தக்கதாக நினைத்து அவர்களே எழுதிக்கொண்டது. அலுவலகத்துக்கு வந்துபோகிறவர்கள் யார் என்று பார்த்தால் இந்த மனநிலை எங்கிருந்து வருகிறது என்று புரியும். கம்பெனியின் பிரதிநிதி வாரம்தோறும் வருவார். விண்ணப்பம் தாமதமானால் அமைச்சகம் வரை போவார். மருந்து சாப்பிட்டுச் சிறுநீரகம் போனவரின் குடும்பம் அந்தக் கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அறியாது. இருபது வருடம் ஒரே பக்கத்துக் குறைகளை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, தன் வேலையே அந்தக் குறைகளைத் தீர்ப்பதுதான் என்று தோன்றிவிடும்.

ஆள் பற்றாக்குறை இதைக் கூட்டுகிறது. அந்த அறிக்கை வந்தபோது அமைப்பில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 327, ஆள் இருந்தது 124 இடங்களில். தலைமையகத்தில் ஒன்பது அதிகாரிகள் ஆண்டுக்கு 20,000 விண்ணப்பங்களைக் கையாண்டார்கள், அதோடு நாடாளுமன்றக் கேள்விகளுக்குப் பதிலும் நீதிமன்ற வழக்குகளும். இத்தனை வேலையில் ஓர் அதிகாரி என்ன செய்வார்? கம்பெனி கொடுக்கும் சுருக்கத்தைப் படிப்பார். கம்பெனி சொல்லும் நிபுணரை ஏற்பார். கம்பெனி தட்டச்சு செய்து தரும் வரைவில் கையெழுத்துப் போடுவார். ஒட்டுறவு இப்படித்தான் தொடங்குகிறது. அப்புறம் அதுவே வழக்கமாகி, நேர்மையாகக் கேள்வி கேட்கிற ஒருவர் வந்தால் அவர்தான் வேலையைத் தாமதப்படுத்துகிறவர் என்று பெயர் வாங்குவார். மருந்துக் கட்டுப்பாட்டை ஆராய மத்திய அரசு அமைத்த மஷேல்கர் குழு 2003இல் 50 தொழிற்சாலைகளுக்கு ஒரு மருந்து ஆய்வாளர், 200 மருந்துக் கடைகளுக்கு ஒரு ஆய்வாளர் என்று கணக்குச் சொன்னது. தன்னாட்சி கொண்ட மத்திய மருந்து ஆணையம் வேண்டும் என்றும் சொன்னது. 2007இலும் 2013இலும் அதற்கு மசோதா வந்தது, சட்டமாகவில்லை.

மத்தியில் இப்படி என்றால் மாநிலங்களில் இன்னும் சிக்கல். 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி புதிய மருந்துக்கு அனுமதி தருவது மத்திய அமைப்பு, தொழிற்சாலைக்கு உரிமம் தருவதும் அதைப் போய்ப் பார்ப்பதும் மாநிலம். அதே மாநில அரசுதான் தொழில் முதலீட்டையும் வருந்தி அழைக்கிறது. ஒரு தொழிற்சாலையை மூடினால் வேலை போகும், அது பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்ற பயம் உரிமம் தரும் அலுவலகத்தின் தலைக்கு மேல் எப்போதும் தொங்கும். இதன் விளைவை 2016இல் பார்த்தோம். ஒரே மாத்திரையில் பல மருந்துகளைச் சேர்த்த 344 கூட்டு மருந்துகளை மத்திய அரசு அந்த மார்ச்சில் தடை செய்தது. மத்திய அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் மாநில உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு சந்தைக்கு வந்தவை அவற்றில் ஏராளம். உரிமம் கொடுத்த மாநில அதிகாரிகள் தங்களுக்கு இல்லாத அதிகாரத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். தடை டெல்லி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று அலைந்து, 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்குத் திரும்பவும் வந்தது. இந்த இரண்டரை ஆண்டு வழக்கு முழுவதும் மருந்துகளைப் பற்றியது. உரிமத்தில் கையெழுத்திட்டவர்களைப் பற்றியது அல்ல.

இனி காஞ்சிபுரம். சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரேசன் பார்மா என்ற சிறு நிறுவனம் தயாரித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைக் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் 2025 செப்டம்பர், அக்டோபரில் இறந்தார்கள். பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்துக் குழந்தைகள், ஐந்து வயதுகூட ஆகாதவர்கள் பலர். சாதாரண சளிக்காகக் கொடுத்த மருந்து சிறுநீரகத்தை நிறுத்திவிட்டது. அக்டோபர் 1ஆம் தேதி மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்ததும், பண்டிகை விடுமுறை என்று பார்க்காமல் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் தொழிற்சாலைக்குப் போய் மாதிரி எடுத்தார்கள். ஒரு நாளில் சென்னை ஆய்வகம் முடிவு சொன்னது: 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால், சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. அனுமதிக்கும் அளவு 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் முதலில் சோதித்த மாதிரிகளில் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. இங்குள்ள ஆய்வகத்தின் வேகம் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கும், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் அதே துறையின் ஆய்வாளர்கள் தொழிற்சாலைக்குள் நுழைந்து 350க்கும் மேற்பட்ட விதிமீறல்களைப் பட்டியலிட்டபோது அடுத்த கேள்வி தானாக வருகிறது. இவ்வளவு மீறல் ஒரு வாரத்தில் முளைக்காது. 2011இல் உரிமம் பெற்ற இடம் இது. முந்தைய ஆண்டுகளில் போய்ப் பார்த்தவர்கள் எதைப் பார்த்தார்கள், போகாத ஆண்டுகளில் ஏன் போகவில்லை? அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஆய்வு செய்யவில்லை என்று காஞ்சிபுரத்தின் இரண்டு முதுநிலை மருந்து ஆய்வாளர்களை அரசு இடைநீக்கம் செய்தது. உரிமையாளர் கைதானார், உரிமம் ரத்தானது. மத்தியப் பிரதேசத்தில் மருந்தை எழுதித் தந்த மருத்துவரும் கைதானார், அங்கும் ஆய்வாளர்கள் இடைநீக்கம். காஞ்சிபுரத்தில் நடந்தது அலட்சியமா, நெருக்கமா, வெறும் ஆள் பற்றாக்குறையா என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும், நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. அந்தத் தொழிற்சாலையைப் பற்றிய பழைய ஆய்வறிக்கைகள் இணையத்தில் இருந்திருந்தால், ஆய்வே நடக்காத ஆண்டு அதற்கு முன்னாலேயே யார் கண்ணிலாவது பட்டிருக்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

இந்த நஞ்சு புதிதும் அல்ல. சிரப்பில் மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரோப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் விலை கூடியவை. தொழிற்சாலைத் தரத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்கினால், அல்லது வாங்கியதைச் சோதிக்காமல் விட்டால், டைஎத்திலீன் கிளைகால் உள்ளே வரும். ஒவ்வொரு கொள்முதலையும் சோதிக்க வேண்டும் என்பது விதி, அந்தச் சோதனைப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பது ஆய்வாளரின் வேலை. 1972இல் சென்னைக் குழந்தைகள் மருத்துவமனையில் 14 குழந்தைகளாவது இதே நஞ்சால் இறந்தார்கள். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள். அதை விசாரித்த நீதிபதி லென்டின் ஆணையம் மருந்துக் கம்பெனி, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள், அரசியல்வாதிகள் மூவரின் உறவையும் அக்குவேறு ஆணிவேறாக எழுதி வைத்தது. அதன் பிறகும் குருகிராமில், ஜம்முவில், காம்பியாவில், உஸ்பெகிஸ்தானில் இதே நஞ்சு. காம்பியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் மருந்து போனது இந்தியாவிலிருந்து.

காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்த பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். 2022 அக்டோபரில் உலக சுகாதார அமைப்பு ஹரியானாவில் தயாரான நான்கு சிரப்புகளைப் பற்றி எச்சரித்தது. டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அந்த அமைப்புக்குப் பதில் எழுதினார். இங்கே வைத்திருந்த மாதிரிகளைச் சோதித்தோம், சரியாகவே இருக்கின்றன, உங்கள் அறிவிப்பால் இந்திய மருந்துகளின் தரத்தைக் குறிவைக்கும் பேச்சு உலகெங்கும் கிளம்பிவிட்டது என்பது அதன் சாரம். மாதிரிகளின் முடிவைச் சொல்வது அவர் கடமை. தொழிலின் பெயர் கெட்டுவிட்டது என்று வாதாடுவது தொழில் சங்கத்தின் வேலை. இரண்டும் ஒரே கடிதத்தில் வந்தன. கண்காணிக்கிறவர் வக்கீலாகிவிட்டால் அடுத்த முறை புகார் வரும்போது அவர் யாருக்காக விசாரிப்பார்?

அடுத்த ஆண்டு, 2023 ஜூன் முதல், ஏற்றுமதியாகும் இருமல் மருந்து எல்லாவற்றையும் அரசு ஆய்வகங்களில் சோதித்துச் சான்று பெற வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி. உள்நாட்டுக்கு அது பொருந்தவில்லை. சிந்த்வாராவில் விற்ற பாட்டிலுக்கு அந்தச் சோதனை கிடையாது. வெளிநாட்டுச் சந்தை போய்விடுமோ என்ற கவலைக்குக் கிடைத்த பாதுகாப்பு நம் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை.

இதே மனநிலை முன்பும் வெளிப்பட்டிருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தியத் தொழிற்சாலைகளில் அடுக்கடுக்காகக் குறை கண்டுகொண்டிருந்த 2014இல், இந்திய மருந்துக் கட்டுப்பாட்டின் அப்போதைய தலைமை அதிகாரி ஜி.என். சிங் ஒரு பேட்டி கொடுத்தார். உள்நாட்டுக்கு மருந்து தரும் தொழிற்சாலைகளை அமெரிக்கத் தரத்தில் ஆய்வு செய்வதென்றால் ஏறக்குறைய எல்லாவற்றையும் மூட வேண்டியிருக்கும் என்றார். அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்திய மருந்துக் கம்பெனியான ரான்பாக்ஸி, தரம் தவறிய மருந்தை விற்றது, பொய்த் தரவு கொடுத்தது ஆகிய குற்றங்களை அமெரிக்காவில் ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியிருந்தது. அந்த வழக்குக்குக் காரணமான ஆவணங்களை வெளியிட்டவர் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த தினேஷ் தாக்கூர். மோசடியின் பெரும்பகுதி நடந்த இந்தியாவில் அதற்கு ஈடான தண்டனை எதுவும் வரவில்லை.

அமெரிக்கா சுத்தம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அங்கே மருந்து அனுமதி அமைப்பின் செலவில் பெரும்பங்கு கம்பெனிகள் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது, 1992 முதல். ஆக்ஸிகான்டின் என்ற போதை வலி மருந்துக்கு 1995இல் அனுமதி தரும் வேலையைப் பார்த்த அதிகாரி சில ஆண்டுகளில் அதைத் தயாரித்த கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்தார். அந்த மருந்து அங்கே எத்தனை குடும்பங்களை அழித்தது என்பது ஊரறிந்த செய்தி. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே மருந்தை மதிப்பிட்ட அறிக்கை வெளியாகிறது, ஆலோசனைக் குழு பொதுமக்கள் முன்னால் கூடுகிறது, தொழிற்சாலைக்கு அனுப்பிய எச்சரிக்கைக் கடிதம் இணையத்தில் இருக்கிறது. ஹைதராபாத்திலோ சென்னைக்குப் பக்கத்திலோ இருக்கும் ஒரு தொழிற்சாலையில் என்ன குறை என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இன்றும் அமெரிக்க அமைப்பின் இணையதளத்துக்குத்தான் போகிறோம். நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிற ஆய்வாளர் அதே தொழிற்சாலையைப் பற்றி எழுதியது நமக்குக் கிடைப்பதில்லை.

நான் திரும்பத் திரும்பக் கோப்பைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இதுதான். நெருக்கம் என்பது தேநீர்க் கோப்பைக்கு மேலே நடக்கும் பேச்சு, அதை நேரில் பிடிக்க முடியாது. அது விட்டுச் செல்லும் தடம் எழுத்தில்தான் இருக்கும்: ஒரே வாசகத்தில் பல கடிதம், நடக்காத ஆய்வுக்கு எதிரே காலியான கட்டம், ஒரு நாளில் மாறிய முடிவு. கோவேக்சின் விஷயத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். 2021 ஜனவரி 1 அன்று நிபுணர் குழு, ஆள் சேர்ப்பை விரைவுபடுத்தி இடைக்காலப் பலன் ஆய்வைச் செய்துவிட்டு வாருங்கள் என்று கம்பெனியிடம் சொன்னது. மறுநாள், பலன் பற்றிய அந்தத் தரவு வராமலேயே, அவசரகாலப் பயன்பாட்டுக்குப் பரிந்துரை செய்தது. அந்தத் தடுப்பூசி பின்னர் நடந்த பரிசோதனையில் பலன் காட்டியது, சரி. ஆனால் அந்த ஓர் இரவில் என்ன மாறியது என்று நாடே கேட்க முடிந்ததற்கு ஒரே காரணம், கூட்டக் குறிப்புகள் வெளியாகும் பழக்கம் வந்திருந்ததுதான். அந்தக் குறிப்புகளும் சில வரிகள் மட்டுமே. யார் எதிர்த்தார், யாருக்கு எந்தக் கம்பெனியோடு தொடர்பு என்பதெல்லாம் அவற்றில் வருவதில்லை.

2022 டிசம்பரிலிருந்து மத்திய, மாநில ஆய்வாளர்கள் சேர்ந்து நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகளை ஆய்வு செய்கிறார்கள். இத்தனை கம்பெனிக்கு நோட்டீஸ், இத்தனை கம்பெனிக்கு உற்பத்தி நிறுத்தம் என்று எண்ணிக்கை அறிவிக்கப்படுகிறது. தரமற்ற மருந்துகளின் மாதாந்திரப் பட்டியலும் வருகிறது, அது உண்மையிலேயே பயனுள்ள வேலை. ஆய்வறிக்கை மட்டும் வருவதில்லை. எண்ணிக்கையை வைத்து அமைச்சரைப் பாராட்டலாம், யாரையும் கேள்வி கேட்க முடியாது.

கேட்டால் என்ன பதில் வரும்? தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் வணிக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டுவார்கள். இதற்குச் சரியான பதிலை உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது, மருந்து வழக்கில் அல்ல, வங்கி வழக்கில். வங்கிகளை ஆய்வு செய்த அறிக்கைகளைத் தர மாட்டோம், வங்கிகள் எங்களை நம்பிக் கொடுத்த தகவல் அது என்று ரிசர்வ் வங்கி வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. வங்கிகளுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் அப்படியொரு நம்பிக்கை உறவு கிடையாது, ரிசர்வ் வங்கி காக்க வேண்டியது பொதுமக்கள் நலனை, தனித்தனி வங்கிகளின் நலனை அல்ல என்றது. ரிசர்வ் வங்கி என்ற இடத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை என்று போட்டுப் படித்தால் ஒரு வரியும் மாற வேண்டியதில்லை.

சட்டம் இப்போது எதிர்த் திசையில் போவதுதான் கவலை. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்த்த 17ஏ பிரிவுப்படி, ஓர் அதிகாரி பணியில் எடுத்த முடிவு பற்றி விசாரணை தொடங்கவே அரசின் முன் அனுமதி வேண்டும். 2023இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம், மருந்துகள் சட்டத்தில் தரமற்ற மருந்து தொடர்பான 27(டி) பிரிவுக் குற்றத்தைப் பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ள வழி திறந்தது. அதே ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவிலிருந்து பொதுநலன் என்ற விலக்கை நீக்கியது. கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரைக் கேட்டால் அது தனிநபர் தகவல் என்று மறுக்க இது உதவும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கம்பெனிக்குச் சிறை பயம் குறைகிறது, அதிகாரிக்கு விசாரணை பயம் குறைகிறது, நமக்குப் பெயர் தெரியும் வாய்ப்பு குறைகிறது.

அதிகாரியைப் பொறுப்பாக்குவது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு உஸ்பெகிஸ்தானைக் காட்டலாம். நொய்டாவில் தயாரான சிரப்பால் அங்கே 68 குழந்தைகள் இறந்த வழக்கில் 2024 பிப்ரவரியில் தாஷ்கண்ட் நீதிமன்றம் 23 பேருக்கு இரண்டு முதல் இருபது ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதித்தது. இறக்குமதி செய்த நிறுவனத்தின் இயக்குநரான இந்தியருக்கு 20 ஆண்டு. இறக்குமதி மருந்துகளுக்கு உரிமம் தரும் பொறுப்பில் இருந்த முன்னாள் உயர் அதிகாரிகளும் நீண்ட தண்டனை பெற்றார்கள். கட்டாயச் சோதனையிலிருந்து விலக்குப் பெற 33,000 டாலர் லஞ்சம் கைமாறியது என்பது அரசுத் தரப்பு வழக்கு. அந்த நாட்டு நீதிமன்றங்களின் சுதந்திரத்தைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கடும் தண்டனைதான் தீர்வு என்றும் நினைக்கவில்லை. ஆனால் சோதனையிலிருந்து யார் விலக்குக் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்ற கேள்வி அங்கே நீதிமன்றத்துக்கு வந்தது. நம் ஊரில் அந்தக் கேள்வி இடைநீக்க உத்தரவோடு நின்றுவிடுகிறது, அதுவும் கீழ்மட்ட ஆய்வாளரோடு. அவருக்கு எத்தனை தொழிற்சாலைகளைக் கொடுத்தார்கள், ஓடுவதற்கு வண்டி கொடுத்தார்களா, மேலிடம் ஆண்டுக் கணக்கை எப்போதாவது சரிபார்த்ததா என்று யாரும் கேட்பதில்லை.

சட்டம் மாறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்தில் மருந்துத் தொழிற்சாலை இருந்தால், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதலாம். கேள்விகள் எளிமையாகவும் ஆம், இல்லை என்று நழுவ முடியாதவையாகவும் இருக்கட்டும். இந்தத் தொழிற்சாலையில் கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்தெந்தத் தேதிகளில் ஆய்வு நடந்தது, ஒவ்வொரு ஆய்வறிக்கையின் நகல், சுட்டிய குறைகள் சரிசெய்யப்பட்டதற்கான ஆவணம், இந்த மண்டலத்தில் அனுமதிக்கப்பட்ட ஆய்வாளர் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை. வணிக ரகசியம் என்று மறுத்தால் ரிசர்வ் வங்கி தீர்ப்பையும், பொதுநலன் பெரிதாக இருந்தால் தகவல் தரலாம் என்று சொல்லும் 8(2) பிரிவையும் எழுதி முதல் மேல்முறையீடு செய்யுங்கள். மறுப்பு வந்த 30 நாளுக்குள் அதைச் செய்ய வேண்டும். அதற்கு மேல் மாநிலத் தகவல் ஆணையம், அதற்கு 90 நாள். ஆய்வு நடக்கவே இல்லை என்பது பதிலாக வந்தாலும் அதைப் பத்திரமாக வைத்திருந்து உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள், சட்டமன்றத்தில் சுகாதார மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது அவர் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி அது.